பூட்டன் முகமும் பேரன் தூரிகையும்

ஒருவருடைய உருவத்தைத் தீட்டிச் சுவரில் மாட்டுவது எளிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் அச்செயலுக்குள் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. இம்முகம் காணத்தக்கது, நினைவில் வைக்கத்தக்கது, நமக்குப் பின் வருவோரும் அறியத்தக்கது என்பதே அத்தீர்ப்பு. அரசர்களும் படைத்தலைவர்களும் பெருஞ்செல்வர்களும் தம் உருவங்களை விரும்பி எழுதுவித்ததன் காரணம் இதுவே. எனவே, ஒரு நாட்டின் ஓவியக்கூடத்துக்குள் நுழையும்போது நாம் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இங்கே யாருடைய முகங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன? அவற்றைத் தீட்டியவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள், அந்நாடு தன் மக்களுள் எவரை மதித்தது, எவரை மறந்தது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

ஆஸ்திரேலியாவில் இவ்விரு வினாக்களையும் ஒரே குடும்பத்தின் வரலாற்றில் வைத்துப் பார்க்க முடிகிறது. 1956-ஆம் ஆண்டில் அந்நாட்டின் புகழ்மிக்க உருவ ஓவியப் பரிசைப் பெற்ற ஓவியம், ஆல்பர்ட் நமட்ஜிரா என்னும் முதற்குடி மனிதரின் உருவமாகும். தீட்டியவர் வில்லியம் டார்ஜி என்னும் வெள்ளையர். 64 ஆண்டுகளுக்குப் பிறகு, 2020-ஆம் ஆண்டில், அதே பரிசை ஆல்பர்ட் நமட்ஜிராவின் கொள்ளுப்பேரரான வின்சென்ட் நமட்ஜிரா பெற்றார். இம்முறை நமட்ஜிரா என்னும் பெயர் ஓவியத்துக்குள் அமர்ந்திருந்தவரின் பெயராக மட்டும் இல்லை. தூரிகை பிடித்தவரின் பெயராகவும் இருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நிகழ்ந்தது யாது என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் அப்பரிசைப் பற்றிச் சிறிது அறிவோம். ஜே. எஃப். ஆர்ச்சிபால்ட் என்பவர் சிட்னி நகரில் பெயர்பெற்ற பத்திரிகாசிரியர். அவர் தம் உயிலில் ஒதுக்கிய பொருளைக் கொண்டு 1921-ஆம் ஆண்டு முதல் ஆர்ச்சிபால்ட் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தின் அறங்காவலர்களே நடுவர்கள். கலை, இலக்கியம், அறிவியல், அரசியல் ஆகிய துறைகளில் சிறந்து விளங்கும் ஆண் அல்லது பெண் ஒருவரின் உருவமாக அது இருத்தல் விரும்பத்தக்கது என்பது அவர் வகுத்த விதி. நம் நாட்டில் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றித் தெருவெல்லாம் பேச்சு நடப்பதுபோல, ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கொருமுறை இப்பரிசைப் பற்றிப் பேச்சு நடக்கும். ஓவியக் கலையில் பழக்கம் இல்லாதவர்களும் வரிசையில் நின்று போட்டி ஓவியங்களைப் பார்ப்பார்கள். நடுவர்களின் முடிவு சரியா தவறா என்று வாதிடுவார்கள்.

இனி, நமட்ஜிரா குடும்பத்தின் மண்ணுக்குச் செல்வோம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி செம்மண் பூமி. மழை அரிது. மக்டானல் மலைத்தொடர் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. வெண்ணிறத் தண்டுகளையுடைய தைல மரங்கள் வறண்ட ஆற்றுப் படுகைகளின் ஓரத்தில் தனித்தனியே நிற்கின்றன. இந்நிலத்தில் அரண்டா மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களிடையே 1877-இல் ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமார்கள் ஹெர்மன்ஸ்பர்க் என்னும் சமயக் குடியிருப்பை அமைத்தனர். அரண்டா மொழியில் அவ்விடத்தின் பெயர் ன்டாரியா. 1902-இல் அங்கே பிறந்தவர் ஆல்பர்ட் நமட்ஜிரா.

1934-இல் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்னும் வெள்ளைய ஓவியர் இருவர் ஹெர்மன்ஸ்பர்க்கில் தம் நீர்வண்ண ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். தம் கண்ணெதிரே நிற்கும் மலைகள் தாளின்மேல் எழுந்து நிற்பதை ஆல்பர்ட் கண்டார். 1936-இல் பாட்டர்பீ மீண்டும் வந்தபோது, ஆல்பர்ட் அவருக்கு ஒட்டகம் ஓட்டியும் வழிகாட்டியும் உதவினார். அதற்கு ஈடாக ஓவியம் கற்றார். சில வாரப் பயிற்சியிலேயே மாணவரின் கை தேர்ந்தது. 1938-இல் மெல்போர்ன் நகரில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் விற்றுத் தீர்ந்தன. ஊதாநிற மலைகளும் வெண்மரங்களும் கொண்ட அவருடைய காட்சிகள் அச்சுப் படங்களாகி ஆஸ்திரேலிய வீடுகளின் சுவர்களை அடைந்தன. 1953-இல் அரசியாரின் முடிசூட்டு விழாப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1954-இல் அவர் கான்பெரா நகரில் இரண்டாம் எலிசபெத் அரசியாரைச் சந்தித்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் டார்ஜி அவர் உருவத்தைத் தீட்டிப் பரிசு பெற்றார்.

புகழின் உச்சியில் நின்ற அம்மனிதரின் சட்ட நிலை என்ன? ஆஸ்திரேலியாவின் வட ஆட்சிப்பகுதியில் வாழ்ந்த முதற்குடி மக்களுள் மிகப் பெரும்பாலோர், அரசின் காப்பில் உள்ள சிறுவர்களைப் போலவே சட்டத்தால் கருதப்பட்டனர். விரும்பிய இடத்தில் வாழவும், விரும்பியவாறு சொத்து வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆல்பர்ட் மேய்ச்சல் நிலம் கேட்டார், கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வீடு அமைத்துக்கொள்ள விரும்பினார். அதற்கும் இடம் தரப்படவில்லை. அவருடைய ஓவியம் எந்த வீட்டிலும் தொங்கலாம். அவருக்கென ஒரு வீடு நகரில் எழக்கூடாது என்பதே அன்றைய நிலை.

1957-இல் அவருக்கும் அவர் மனைவி ரூபினாவுக்கும் மட்டும் முழுக் குடியுரிமை வழங்கப்பட்டது. இது பெருமையாகத் தோன்றும். உண்மையில் இதுவே அவருக்குக் கண்ணியாயிற்று. குடியுரிமை பெற்றவர் மது வாங்கலாம். பெறாதவருக்கு அதைக் கொடுத்தால் குற்றம். ஆனால் அரண்டா மக்களின் வழக்கில், தம்மிடம் உள்ளதை உறவினரோடு பகிர்ந்துகொள்வது கடமை. பகிராதவன் மனிதனாக மதிக்கப்படமாட்டான். ஒரு சட்டம் அவரைத் தம் உறவினரிடமிருந்து பிரித்து நிறுத்தியது. மற்றொரு முறைமை அவரை அவர்களோடு பிணைத்திருந்தது. 1958-இல் மற்றோர் அரண்டா ஓவியருக்கு மது அளித்தார் என்று அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது மூன்று மாதமாகக் குறைந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவர் பப்பூன்யா என்னும் குடியிருப்பில் ஏறத்தாழ இரண்டு மாதம் காவலில் இருந்தார். வெளிவந்தவரிடம் பழைய ஊக்கம் இல்லை. 1959 ஆகஸ்டு 8-ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த பின்னும் ஓர் இழப்புக் காத்திருந்தது. ஆல்பர்ட்டின் ஓவியங்களுக்குரிய பதிப்புரிமையை, அவருடைய உடைமைகளை நிருவகித்த அரசு அலுவலர் 1983-இல் 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்தாருக்கு விற்றுவிட்டார். பூட்டனாரின் ஓவியங்கள் அச்சாகும்போது குடும்பத்துக்கு வரவேண்டிய பங்கு அத்தோடு நின்றது. அவ்வுரிமை நமட்ஜிரா குடும்பத்தாரின் நலனுக்கான அறக்கட்டளையிடம் திரும்பியது 2017-ஆம் ஆண்டில்தான். இடையே கழிந்தவை 34 ஆண்டுகள்.

அதே 1983-ஆம் ஆண்டில்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் வின்சென்ட் பிறந்தார். குழந்தைப் பருவம் ஹெர்மன்ஸ்பர்க்கில் கழிந்தது. 1991-இல் தாயார் இறந்தார். அப்போது எட்டு வயதை எட்டியிருந்த அச்சிறுவரும் அவருடைய உடன்பிறந்தாளும் அரசின் ஏற்பாட்டால், மேற்குக் கடற்கரையிலுள்ள பெர்த் நகரில் வளர்ப்பு வீட்டில் சேர்க்கப்பட்டனர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து பெர்த் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சென்னைக்கும் டில்லிக்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவைவிட இது அதிகம்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970-ஐ ஒட்டிய காலம் வரை, முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்து வெள்ளையர் முறையில் வளர்ப்பது அங்கே அரசுகளின் வெளிப்படையான கொள்கையாக இருந்தது. அவ்வாறு பிரிக்கப்பட்டோரைத் திருடப்பட்ட தலைமுறையினர் என்று வழங்குவர். 1997-இல் வெளிவந்த அரசு ஆணையறிக்கை ஒன்று அவர்களுடைய துன்பங்களைத் தொகுத்துக் கூறிற்று; 2008 பிப்ரவரி 13-இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வின்சென்ட் பிரிக்கப்பட்டது அக்கொள்கையின் கீழ் அன்று. அநாதைக் குழந்தைகளைப் பேணும் பிற்கால முறையின் கீழ். சட்டத்தின் பெயர் வேறு. ஆனால் தன் மொழி பேசுவோர் இல்லாத ஊரில், தன் நிறத்தவர் இல்லாத வீட்டில், தன் குலத்தின் பெயர் யாது என்று சொல்வாரின்றி வளர்ந்த சிறுவனுக்கு அவ்வேறுபாடு எவ்வளவு ஆறுதலைத் தந்திருக்கும்?

பதினெட்டு வயது நிரம்பியதும் அவர் தம் மக்களைத் தேடிப் புறப்பட்டார். ஹெர்மன்ஸ்பர்க்கை அடைந்தார். உறவினர்கள் அவரை அறிந்தார்கள். அவரோ அவர்களை அறியவேண்டியிருந்தது. மொழியையும் முறைமைகளையும் வளர்ந்த பின்னர்ப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தம் பூட்டனார் ஆஸ்திரேலியா முழுவதும் அறிந்த ஓவியர் என்னும் செய்தியையும் அவர் அங்கேதான் அறிந்துகொண்டார். நாட்டு மக்கள் பலருக்கும் தெரிந்திருந்த பெயரின் பொருள், அப்பெயரைத் தாங்கியவருக்கு மட்டும் தெரியாமல் இருந்தது! வேருடன் பிடுங்கப்படுதல் என்று நாம் பொதுவாகச் சொல்லுவதன் உண்மைப் பொருள் இதுவே.

பின்னர் அவர் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள இண்டுல்கானா என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். அது அவர் மனைவியின் ஊர். அப்பகுதி முழுவதும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதற்குடி மக்களுக்கே உரிமையாக்கப்பட்ட நிலமாகும். அவ்வூரில் இவான்ட்ஜா என்னும் கலைக்கூடம் உள்ளது. இத்தகைய கூடங்கள் ஆஸ்திரேலியப் பாலைநில ஊர்கள் பலவற்றில் இருக்கின்றன. அவற்றை நம் நாட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களோடு ஒருவாறு ஒப்பிடலாம். கூடம் ஊராருக்குச் சொந்தம். அது துணியும் வண்ணமும் தருகிறது. ஓவியங்களை நகரங்களுக்கு அனுப்பி விற்கிறது. விற்ற தொகையில் ஒரு பகுதியை ஓவியருக்கு அளித்து, எஞ்சியதைக் கூடத்தின் செலவுக்கு வைத்துக்கொள்கிறது. முதியோரும் இளையோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து வேலை செய்வதால், அது பள்ளியாகவும் பயன்படுகிறது. வின்சென்டின் மாமனாரான ஜிம்மி பாம்பேயும் அக்கூடத்தில் தீட்டிய ஓவியரே.

பாலைநில முதற்குடி ஓவியம் என்றால் உலகம் நினைப்பது புள்ளி ஓவியத்தை. புள்ளிகளாலும் வளைகோடுகளாலும் நிலத்தின் பழங்கதைகளைத் தீட்டும் அம்முறை, 1971-இல் பப்பூன்யாவில் ஓர் இயக்கமாகத் தொடங்கியது. ஆல்பர்ட் நமட்ஜிரா காவலில் வைக்கப்பட்டிருந்த அதே பப்பூன்யாதான் அது என்பது வியப்புக்குரியது. வின்சென்டும் முதலில் புள்ளிகளையே வைத்துப் பழகினார். ஆனால் அவர் உள்ளம் வேறொன்றை நாடியது. மனிதர்களின் முகங்களைத் தீட்ட விரும்பினார். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உருவ ஓவியத்துக்கு மாறினார். கலைப் பள்ளி எதிலும் அவர் பயின்றதில்லை.

யாருடைய முகத்தில் தொடங்குவது? தம் பூட்டனாரின் முகத்திலேயே தொடங்கினார். 2013-இல் ஆல்பர்ட்டின் கதை என்னும் பெயரில் 13 ஓவியங்களின் வரிசையொன்றைத் தீட்டினார். நாட்டின் அன்பைப் பெற்று, நாட்டின் சட்டத்தால் வருந்திய அவ்வாழ்க்கை அதில் படம் படமாக விரிகிறது. பெற்றோர் மடியில் அமர்ந்து கேட்டிருக்கவேண்டிய கதையை, அவர் தூரிகையால் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார் எனலாம். குவீன்ஸ்லாந்து கலைக்கூடம் அவ்வரிசையை வாங்கிக்கொண்டது. டார்ஜி தீட்டிய ஆல்பர்ட்டின் உருவம் இருப்பதும் அக்கூடத்தின் தொகுப்பில்தான்.

அடுத்து அவர் நாட்டை ஆண்ட முகங்களின் பக்கம் திரும்பினார். 1770-இல் ஆங்கிலக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதையும் தம் மன்னரின் பெயரால் உரிமை கொண்டாடினார். அங்கு வாழ்ந்த மக்களின் இசைவைப் பெற்றே அவ்வாறு செய்யவேண்டும் என்பது அவருக்கு அளிக்கப்பட்டிருந்த கட்டளை, அவ்விசைவு கேட்கப்படவில்லை. உரிமை அறிவிப்புத் தாளைக் கையில் ஏந்தி நிற்கும் குக்கின் உருவத்தை வின்சென்ட் 2014-இல் தீட்டினார். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை வாங்கியது. அன்று தாளைப் படித்தவர் குக். இன்று அவர் படிப்பதைப் பார்த்து எழுதுபவர் அம்மண்ணின் மகன்.

2016-இல் அவர் மூன்று வரிசைகளைத் தீட்டினார். ஒவ்வொரு வரிசையிலும் ஏழு முகங்கள். முதல் வரிசையில், தாம் பிறந்தது முதல் அதுவரை நாட்டை ஆண்ட ஏழு பிரதமர்கள். இரண்டாம் வரிசையில், நாட்டின் பெருஞ்செல்வர் எழுவர். மூன்றாம் வரிசையில், தாம் வாழும் பாலைநிலத்தின் முதற்குடிப் பெரியோர் எழுவர். மூன்று வரிசைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போருக்கு, ஓவியர் ஒரு சொல்லும் சொல்லாமலே ஒரு வினா எழும். பதவி, செல்வம், முன்னோர் வழிவந்த அறிவு ஆகிய மூன்றனுள் உண்மையான ஆற்றல் எது? பிரதமர்களின் முகங்களை நாடறியும். அப்பெரியோரின் முகங்களை அவர்கள் ஊருக்கு வெளியே அறிந்தவர் சிலரே. ஓவியரோ அவர்களையும் பிரதமர்களுக்கு நிகராக நிறுத்தினார்.

அவருடைய தூரிகையின் தன்மையைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். அவர் லினன் துணியின்மேல், விரைவில் உலரும் அக்ரிலிக் வண்ணங்களால் தீட்டுகிறார். வண்ணங்கள் அழுத்தமானவை, கோடுகள் தயக்கமில்லாதவை. முகங்களின் அளவுகள் சற்றே கோணியிருக்கும், பற்கள் பெரிதாகும், புருவம் உயரும், புன்னகை சிறிது இழுபடும். பத்திரிகைக் கேலிச் சித்திரத்தின் நகைச்சுவை அவற்றில் உண்டு. ஆனால் அந்நகையில் நஞ்சு இல்லை. தம்மையும் அவர் அவ்வாறே தீட்டிக்கொள்கிறார். அரசியாரையும் அரச குடும்பத்தாரையும் அவர்களுடைய மாளிகையிலிருந்து அழைத்துவந்து தம் செம்மண் வெளியில் நிறுத்துகிறார்; அருகே தாமும் நிற்கிறார். பிற்கால ஓவியங்கள் சிலவற்றில், பின்னணியில் தோன்றும் மலைகளும் வெண்மரங்களும் ஆல்பர்ட்டின் நீர்வண்ணக் காட்சிகளை நினைவூட்டுகின்றன. வந்தவர் யாராயினும், அவர் நிற்பது யாருடைய மண்ணில் என்பதை அம்மலைகள் சொல்லாமல் சொல்லுகின்றன.

பரிசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2017 முதல் ஆண்டுதோறும் அவர் ஓவியம் ஆர்ச்சிபால்ட் போட்டியின் இறுதிச் சுற்றை எட்டியது. 2019-இல், 40 வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்குத் தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் வழங்கும் ராம்சே பரிசை வென்றார். தொகை 100,000 டாலர். பரிசு பெற்ற படைப்பு துணியில் தீட்டப்பட்டதன்று. ஒட்டுப்பலகையை மனித உருவில் வெட்டி இருபுறமும் தீட்டியது. ஒரு புறம் கப்பல் தலைவர் குக், மறுபுறம் வின்சென்ட். ஒருவரை மட்டும் எடுத்துச் செல்ல இயலாது. ஒருவரைப் பார்க்கும்போது மற்றவர் முதுகுப்புறம் நிற்கிறார். வந்தேறியவரும் மண்ணின் மைந்தரும் இனிப் பிரிக்க முடியாதபடி ஒரே வரலாற்றில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதை இதைவிட எளிதாக எவ்வாறு கூறுவது?

அடுத்த ஆண்டு அவருக்குப் பெருவெற்றி கிடைத்தது. அதை அறிய, ஆடம் கூட்ஸ் என்னும் விளையாட்டு வீரரை நாம் அறிய வேண்டும். ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில் சிட்னி அணிக்காக 372 பந்தயங்கள் ஆடியவர். அவ்வாட்டத்தின் மிக உயர்ந்த தனிப் பதக்கத்தை 2003-இலும் 2006-இலும் பெற்றவர். 2014-இல் ஆஸ்திரேலியாவின் ஆண்டுச் சிறப்பாளர் எனப் பாராட்டப்பெற்றவர். அவரும் முதற்குடியினர். அவர் தாயார் திருடப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். 2013-இல் ஆட்டத்தின்போது, பார்வையாளர் கூட்டத்திலிருந்து எழுந்த இனஇழிவுச் சொல்லொன்றை அவர் அங்கேயே சுட்டிக்காட்டினார். அதன்பின் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் எதிரணியின் ஆதரவாளர்கள் ஊளையிட்டு இகழும் வழக்கம் வளர்ந்தது. 2015-இல் அவர் ஆட்டத்தை விட்டு விலகினார். வழக்கமாக வீரர்களுக்குச் செய்யப்படும் பிரியாவிடை ஊர்வலத்திலும் அவர் கலந்துகொள்ளவில்லை.

கூட்ஸின் இறுதிக் காலத்தைக் காட்டும் ஆவணப்படம் ஒன்று 2019-இல் வெளிவந்தது. அதைப் பார்த்த வின்சென்ட் உள்ளம் கலங்கினார். தம் அனுபவமும் அதில் இருக்கக் கண்டார். மண்ணிலிருந்தும் மொழியிலிருந்தும் விலகி வளர்ந்து, பின்னர் அவற்றைத் தேடி அடைந்த வரலாறு இருவருக்கும் பொது. அதன் விளைவே, உன் தன்மையில் உறுதியாக நில் என்னும் பொருள்பட அவர் பெயரிட்ட ஓவியம். அதில் கூட்ஸும் வின்சென்டும் ஒருவர் கையை ஒருவர் பற்றி நிற்கின்றனர். 2020 செப்டம்பர் 25-ஆம் நாள் அவ்வோவியத்துக்கு ஆர்ச்சிபால்ட் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசு தோன்றி 99 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வளவு காலத்தில் அதை வென்ற முதல் முதற்குடி ஓவியர் வின்சென்ட் நமட்ஜிராவே. அதே ஆண்டில் ஆஸ்திரேலிய விருதுப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டது. திறந்த கதவு மீண்டும் மூடிக்கொள்ளவில்லை. 2022-இல் பிளாக் டக்ளஸ் என்னும் மற்றொரு முதற்குடி ஓவியர் அப்பரிசை வென்றார்.

ஒரு கலைஞரின் ஆற்றலைப் பரிசுகளால் மட்டும் அளக்க முடியாது, எதிர்ப்பாலும் அளக்கலாம். 2023-இல் அடிலெய்ட் நகரிலும், 2024-இல் கான்பெரா தேசியக் கலைக்கூடத்திலும் வின்சென்டின் பத்தாண்டுப் பணியைத் தொகுத்துக் காட்டும் பெருங்கண்காட்சி நடந்தது. அதில் 2021-இல் தீட்டிய ஓர் ஓவியத்தில் 21 முகங்கள் கட்டங்கட்டமாக அமைந்திருந்தன: அரசியார், அரசியல்வாணர், விளையாட்டு வீரர், இசைவாணர், செல்வர் எனப் பலர். அவர்களுள் ஒருவர், நாட்டின் முதற்பெரும் செல்வரும் சுரங்கத் தொழிலதிபருமான ஜீனா ரைன்ஹார்ட் அம்மையார். அவருடைய உருவத்தை அகற்றவேண்டும் என்று கலைக்கூடத்திடம் கேட்கப்பட்டதாக 2024 மே மாதத்தில் செய்தி வெளியாயிற்று. கலைக்கூடம் இணங்கவில்லை. விளைவு யாது? கான்பெராவில் சிலர் மட்டும் பார்த்திருக்கக்கூடிய அம்முகத்தை உலகச் செய்தித்தாள்கள் அச்சிட்டன.

வின்சென்ட் இதற்குச் சினந்து விடையளிக்கவில்லை. தம் ஓவியங்களை எல்லோரும் விரும்பவேண்டியதில்லை. பார்ப்பவர் சற்று நின்று, இம்முதற்குடி மனிதர் இத்தகைய ஆற்றல் படைத்தோரை ஏன் தீட்டினார் என்று எண்ணினால் போதும் என்னும் கருத்துப்பட அவர் கூறினார். இந்த நிதானத்தை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். ஆல்பர்ட்டின் காலத்தில், ஒரு முதற்குடி ஓவியர் எங்கே வாழலாம், எதை வாங்கலாம், யாருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதைப் பிறர் முடிவு செய்தனர். கொள்ளுப்பேரரின் காலத்திலோ, நாட்டின் மிகப்பெருஞ் செல்வரின் விருப்பத்தையும் மீறி அவர் ஓவியம் சுவரில் நின்றது. மாற்றம் முழுமையானதன்று, கூட்ஸ் பட்ட இழிவு அதைக் காட்டுகிறது. ஆயினும் மாற்றம் மெய்யானது.

ஆல்பர்ட் மண்ணைத் தீட்டினார்; வின்சென்ட் மனிதரைத் தீட்டுகிறார். முன்னவர் மென்மையான நீர்வண்ணத்தில் எழுதினார். பின்னவர் அழுத்தமான வண்ணத்தில் எழுதுகிறார். வெளித்தோற்றத்தில் இருவருக்கும் ஒற்றுமை குறைவு. ஆனால் ஆல்பர்ட்டின் மலைகளை விரும்பிய வீடுகள், அம்மலைகளின் மக்களைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்கவிட்ட கேள்வியைக் கொள்ளுப்பேரர் எடுத்துக் கேட்கிறார் என்று கொண்டால், இரண்டும் ஒரே பணியின் இரண்டு பகுதிகள் என்பது புலனாகும். ஆல்பர்ட்டுக்குக் கிடைத்த சிறப்பு அவர் ஒருவருக்கு மட்டும் அளிக்கப்பட்ட விலக்கு. உறவினர் யாருக்கும் இல்லாத உரிமை, உரியவரையே வீழ்த்திற்று. வின்சென்ட் தம் வெற்றி ஓவியத்தில் தனியே நிற்கவில்லை; மற்றொருவர் கையைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். பூட்டனாரின் வாழ்விலிருந்து அவர் கற்ற பாடம் அந்தக் கைப்பற்றுதலில் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

தாயகத்தை விட்டுப் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம், நம் நிலையை அவர்களுடைய நிலையோடு ஒப்பிடுவது தகாது. நாம் பிழைப்பு நாடி விரும்பி வந்தவர்கள். விரும்பியபோது இரயிலேறி ஊருக்குப் போகிறவர்கள். அச்சிறுவரிடம் விருப்பம் கேட்கப்படவில்லை. ஆயினும் அவர் வரலாற்றிலிருந்து நாம் கைக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. தம் பூட்டனாரின் பெயரையும் அவர் செய்த தொழிலையும் அறியாமல் வளர்ந்த ஒருவர், அவற்றை அறிந்தபின் எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதைக் கண்டோம். அறிவதற்காக அவர் 2,000 கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மாலையில் நாம் அவர்களை அருகே அழைத்து, பூட்டன் பெயர் இன்னது, அவர் ஊர் இன்னது, அவர் கை அறிந்த தொழில் இன்னது என்று சொன்னால் போதும். பிள்ளைகள் அதைக் கொண்டு என்ன தீட்டுவார்கள் என்பது அவர்கள் உரிமை.